ஐந்து சென்டிமீட்டர்

வேரோடுதல் நல்ல சொல்.
வாழ்த்தும்போது சொல்வார்கள்.
என் தொழிலில் அது புகார்.
கென்ட் நகரத்துக்குத் தெற்கே, களிமண் தெருக்களில்
வருஷத்துக்கு நாற்பது வீடு,
நாற்பது முறை ஒரே வாக்கியம்:
"வாங்கும்போது சின்னதாகத்தான் இருந்தது."

ஹில்டெயும் அதைத்தான் சொன்னார்.
ஞாயிற்றுச் சந்தையில் ஒரு கறுப்புத் தொட்டி,
மூன்று கழி, ஒன்பது யூரோ.
பக்கத்து வீட்டு வான்னெஸின் சமையலறை விளக்கு
விடிய விடிய எரியும்; அதற்கொரு திரை.
மூன்று வருஷம் மூங்கில் ஒன்றுமே செய்யவில்லை.
அதாவது, மேலே.

நான்காம் வருஷம் மே மாதம்
வான்னெஸ் புதிதாய்க் கல் பாவிய முற்றத்தில்
ஒரே ஒரு கல்
ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தது,
புருவம் தூக்குகிற மாதிரி.
அப்புறம் வக்கீல் கடிதம்.
அப்புறம் நான்.

நட்ட இடத்தில் புதராய்த் தங்குகிற மூங்கில் உண்டு.
இது ஓடுகிற இனம்.
மட்டத்தண்டு விரல் கனம், எலும்பு மஞ்சள்,
முனை பன்றியின் கோரைப்பல்.
கணுவுக்குக் கணு ஒரு மொட்டு விழித்துக் கிடக்கும்.
ஒரு துண்டை விட்டுவைத்தால் போதும்,
அது தனியே குடித்தனம் தொடங்கிவிடும்.

வேலியோரமாய் எழுபது சென்டிமீட்டர் ஆழம்.
மழை வேறு.
இரண்டாம் நாள் பதினொரு மணிக்குக்
கடப்பாரை எதிலோ இடித்து மழுங்கலாய்ச் சத்தமிட்டது.
கறுப்பு பிளாஸ்டிக்,
மீன்குளத்துக்கு அடியில் விரிக்கும் மலிவு ரகம்.
ஹில்டெயைப் பார்த்தேன்.
"நான்தான்," என்றார்.
"ஒரு ஆகஸ்டில். அவர் ஊரில் இல்லாதபோது."

ஒரு சாண் தள்ளி இறக்கினேன்.
இன்னொன்று. இது பச்சை.
அந்தப் பக்கம் வான்னெஸ் நின்றிருந்தார்,
தன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடி:
"அவர் ஸ்பெயினுக்குப் போன வாரம்."

இரண்டு தகடு, நடுவே ஒரு சாண் இருட்டு.
அதற்குள் மூங்கில்
மூட்டையில் திணித்த தாம்புக்கயிறாய்
முறுக்கி, மிதித்து, ஒன்றன்மேல் ஒன்றாய்.
இடமும் இல்லை, வலமும் இல்லை;
நேரே போயிருந்தது.
இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல்
சேர்ந்து வெட்டிய வாய்க்கால்.

வாய்க்காலின் கடைமடை
பின்தெருவில், ஃபீன் வீட்டில்.
மருத்துவமனையில் இரவுப் பணி.
அவரிடமிருந்து கடிதம் எதுவும் வந்ததில்லை.
தோட்டத்து மூலையில் இருபத்திரண்டு கழை, எண்ணினேன்.
ஏழை வெட்டி பீன்ஸ் கொடிக்கு நட்டிருந்தார்.
ஒன்றில் அவர் பையன் தூண்டில் கட்டியிருந்தான்.
இது எங்கிருந்து வந்ததென்று யோசிக்கவில்லையா?
"பகலெல்லாம் தூங்குவேன்," என்றார்.
"எழுந்து பார்த்தேன், இருந்தது."

அந்த இரு தகட்டையும் பிடுங்கி எறிந்து
நல்ல தகடு இறக்கினேன், தடித்தது,
மேல்விளிம்பு சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து,
முட்டுகிற வேர் கீழே போகாமல் மேலேறும்படி.
இரு முனையும் சேரும் இடத்தில்தான் எல்லாத் தகடும் தோற்கும்;
அங்கே எஃகுப் பட்டை, ஒன்பது போல்ட்.
ஃபீன் மூலைக்கும் ஒரு வட்டம்,
மிச்சத் துண்டில். காசு கேட்கவில்லை.

முடிந்ததும் ஹில்டெ கேட்டார்.
எல்லோரும் கேட்பதுதான்:
"மண்ணுக்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறதே,
மரப்பட்டை போட்டு மூடிவிடலாமா? அசிங்கமாக இருக்கிறது."
கூடாது, என்றேன்.
அது தாண்டும். தாண்டத்தான் செய்யும்.
தாண்டுகிறபோது உங்கள் கண்ணில் படவேண்டும்.
வேலிக்கு அப்பால் வான்னெஸ் தலையாட்டினார்.
அவரை யாரும் கேட்கவில்லை.

பில்லை யார் பெயரில் எழுதுவது என்றேன்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
இரண்டு பில் எழுதினேன்.

அக்டோபரில் அந்தப் பக்கம் போக நேர்ந்தது.
ஹில்டெ இந்தப் பக்கம் குனிந்து, வான்னெஸ் அந்தப் பக்கம் குனிந்து,
விளிம்போரமாய்க் கத்தரியோடு.
ஒரே நாளில் எப்படி என்று நான் கேட்கவில்லை.
ஃபீன் வீட்டில் திரை இழுத்திருந்தது, மணி பன்னிரண்டு.
சத்தம் போடாமல் எண்ணினேன்:
முப்பத்தொன்று.
எல்லாம் வட்டத்துக்குள்.
இல்லை, முப்பது.